ஆள் இல்லாத பதினாறு வீடுகள்

காலை ஒன்பது இருபது. முதலில் கண்ணில் பட்டவை அவருடைய விரல்கள். வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிழிந்த எலுமிச்சம்பழ மூடியால் வலது கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் கல்லுப்பு. கொட்டாங்குச்சியில் தேங்காய் எண்ணெய். கட்டைவிரல் முடிந்ததும் சேலைத் தலைப்பில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலுக்குப் போனார். பத்து விரல்களின் நுனியும் கறுத்து, தேய்ந்த செருப்பின் அடிப்பக்கம் போல வழவழவென்று இருந்தன.

"வாங்க சார். பத்து மணிக்கு மிசினு எடுத்துகினு வராங்களாம். ஒரு வெரலாவது வுழும் இல்ல?"

விழும் என்றேன். எனக்குத் தெரியாது.

அன்று அந்த ஊரில் வீடு வீடாகச் சரிபார்ப்பு. சுரங்கத்துக்காக ஊர் எடுக்கப்படுகிறது. எந்த வீட்டில் ஆள் வசிப்பது உறுதியாகிறதோ அந்த வீட்டுக்கு வேறு இடத்தில் மனை உண்டு. ஆள் வசிக்காத வீட்டுக்கு மனை கிடையாது. அவருக்கு அந்த வீட்டையும் நாலு முந்திரி மரத்தையும் தவிர வேறு எதுவும் இல்லை. கணவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் குறிஞ்சிப்பாடியில் ஒரு தறிக்கார வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தறி போக மிச்சமிருக்கும் இடத்தில் ஆறு பேர் படுக்கிறார்கள். ஏழாவது பாய் விரிக்க அங்கே இடம் இல்லை. ஆகவே கைரேகைக் கருவியில் ஒரு விரலாவது பதிய வேண்டும். அன்றைய காலை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

விரல் ஏன் பதியாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் அமிலம் பட்டதுபோல வெந்து உரியும். புதுத்தோல் வருவதற்குள் மறுபடியும் படும். காடாம்புலியூர்ப் பக்கமிருந்து இந்த ஊர் வரை முந்திரி உடைக்கும் பெண்களுக்கெல்லாம் இப்படித்தான். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள். ஆனாலும் ஐந்தாறு வருடத்தில் ரேகை போய்விடும். அவர் முப்பது வருடமாக உடைக்கிறவர். ரேஷன் கடைக் கருவி அவர் விரலை ஏற்றுக்கொண்டதே இல்லை. கடைக்காரர் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி போட்டுவிடுவார். ஊருக்குத் தெரிந்த முகம் என்பதால் அது நடந்தது.

எனக்கும் அவரை ஆறு ஆண்டுகளாகத் தெரியும். சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காக வந்து முந்திரிப்பருப்பு விற்பார். சீசனில் பலாச்சுளை. என் மனைவி சுரங்க அலுவலகத்தில் பர்மனென்ட். குவார்ட்டர்ஸ் அவர் பேரில் இருக்கிறது. நான் வேறொரு ஊரில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவன். மேசை வேலை என்பது பிறர் எழுதியதை வெட்டி ஒழுங்காக்குவது. அதை நன்றாகச் செய்தேன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

ஒரு ஏப்ரல் மாதம், அந்த வருடத்து வீட்டு வரியைக் கட்டிவிட்டு நேராக எங்கள் பிளாக்குக்கு வந்திருந்தார். ரசீதை மடித்துப் பருப்புக் கூடையின் அடியில் வைத்திருந்தார். படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டார்:

"உங்க வூட்டுக்கு வரி எவ்ளோ சார்?"

"எங்களுக்கு வீட்டு வரி கிடையாதும்மா."

"தண்ணி வரி?"

"அதுவும் இல்ல."

"அப்ப தண்ணி வல்லன்னா யாருகிட்ட போயி சண்ட புடிப்பீங்க?"

ஆபீஸில் ஒரு நோட்டு இருக்கும், அதில் எழுதிவிட்டு வருவோம் என்றேன்.

"எழுதிட்டு?"

"ஆள் வந்து பாப்பாங்க."

"எங்களுக்கு நோட்டெல்லாம் இல்ல, வாயிதான்," என்று சிரித்தார். "ஆனா வரி கட்டுறோம் பாருங்க. உரிமையா கேக்கலாம்."

அவர் சொன்னது சரி. டவுன்ஷிப்பில் ஊராட்சி இல்லை, நகராட்சி இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. வருமான வரி, சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே போய்விடும். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஓட்டுப் போடுவோம். தெருவிளக்குக்காக யாருக்கும் ஓட்டுப் போட்டதில்லை. அரசாங்கத்தைப் பற்றி நான் ஆயிரக்கணக்கான செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். என் வீட்டுக்கு நானே வரி கட்டி ரசீது வாங்கியது ஒருநாளும் இல்லை. அவர் இருபத்தோரு ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

ஊரை எடுக்கப்போகிறார்கள் என்பது உறுதியானதும் ஊரில் வரி கட்ட வரிசை நின்றது. ஊராட்சிச் செயலரை அங்கே 'கிளார்க்கு' என்றுதான் சொல்வார்கள். மாதக்கணக்கில் வீடு வீடாக நடந்தும் வரி வாங்க முடியாமல் திரும்பிய மனிதர் அவர். இப்போது ரசீதுப் புத்தகம் தீர்ந்துபோய் இன்னொன்று கொண்டுவரப் போனார். "சுதந்திரம் வாங்குனதுலேருந்து இந்த ஊரு இப்பதான்யா வரி கட்டுது," என்று அவர் சொன்னதை எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

காரணம் எளிது. வரி ரசீது இருந்தால் அது வீடு. முந்திரித் தோப்பின் ஓரங்களில் ஹாலோ பிளாக் சுவர்கள் எழும்பின. மேலே ஷீட், முன்னால் ஒரு கதவு, கதவில் ஒரு பூட்டு. உள்ளே எதுவும் இல்லை. மகன் பேரில் ஒன்று, மருமகள் பேரில் ஒன்று. தண்ணீர்க் குழாய் இருந்தால் வீடு என்பது இன்னும் உறுதியாகும் என்று குழாயும் வாங்கினார்கள். நிலம் போகும்போது மரத்துக்கும் கணக்கு உண்டு என்பதால் ஷெட்டைச் சுற்றி முழத்துக்கு ஒன்றாகப் பலாக்கன்று நட்டார்கள். குழாயில் டியூப் மாட்டி இரவும் பகலும் கன்றுகளுக்கு விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார். எடுக்கும் நிலம் அவர்களுடையது. அதற்குப் பதிலாக எது கைக்கு வரும் என்று அவர்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. கிடைப்பதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார்கள்.

குழாய் வரிசையின் கடைசி வீடு அவருடையது. அங்கே தண்ணீர் வருவது நின்றுபோனது.

அவர் என்னிடம் வந்து சொன்னது இதுதான். கிட்டத்தட்ட அப்படியே நினைவிருக்கிறது.

"நாலு மாசமா தண்ணி வல்ல சார். ஆளில்லாத கொட்டாயில எல்லாம் பைப்ப போட்டு வச்சிகினு பலாக்கன்னுக்கு வுட்டுகினு கீறாங்க. கன்னுக்கு வுடட்டும், வேணாங்கல. காலையில ஒரு மணி நேரம் மூடுனா எனக்கு ரெண்டு கொடம் வரும். அத்த கொஞ்சம் மூடச் சொல்லுங்கன்னு எப்படி சார் கேக்கறது? நம்ம ஆளுங்கதான். மூஞ்சிக்கு நேரா கேட்டா கோச்சிக்குவாங்க."

கிராம சபையில் கேளுங்கள் என்றேன். சுதந்திர தினத்தன்று கூடும். அங்கே கேட்டால் எழுதித்தான் ஆக வேண்டும். நீங்கள் வரி கட்டுகிறவர். அது உங்கள் சபை. நானே ஒரு கேள்வியாக எழுதித் தருகிறேன்.

"எத்தனை வீடு?" என்று கேட்டேன். எண் இல்லாத புகார் நிற்காது என்பது மேசைப் பழக்கம்.

அடுத்த வாரம் எண்ணிக்கொண்டு வந்தார். பதினாறு.

நான் எழுதியது: "ஆள் இல்லாத பதினாறு வீடுகளுக்குக் குடிநீர் இணைப்பு வழங்கப்பட்டிருக்கும்போது, இருபத்தோரு ஆண்டுகளாக வரி செலுத்தி வசித்து வரும் எனக்கு நான்கு மாதங்களாகத் தண்ணீர் வராததற்குக் காரணம் என்ன?"

நல்ல வாக்கியம். ஒரு சொல் கூடுதலாக இல்லை. பலாக்கன்றை வெட்டிவிட்டேன். காலையில் ஒரு மணி நேரம் என்பதை வெட்டிவிட்டேன். 'கொஞ்சம் மூடச் சொல்லுங்க' என்பதையும்.

அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்க வராது. மூன்று நாள் எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தார். 'இணைப்பு' என்ற இடத்தில் தடுமாறுவார். மூன்றாம் நாள் தடுமாறவில்லை.

கிராம சபை, பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டு நடந்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம். போனவுடன் கையெழுத்து. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் ஒரு மிக்சர் பொட்டலம், ஒரு மிட்டாய், நாற்காலி. தீர்மானங்கள் அதற்குப் பிறகு வாசிக்கப்படும். சில சமயம் மறுநாள் எழுதப்படும். கையெழுத்து எல்லாவற்றுக்கும் பொது. நான் கையெழுத்துப் போடவில்லை, மிக்சரை மட்டும் கையில் திணித்துவிட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

கிளார்க்கு வாசித்தார். ஒவ்வொன்றின் முடிவிலும், "ஆட்சேபனை இருக்குதா? இல்ல. ஏகமனதா நிறைவேறுது." யாரும் தலையைத் தூக்கவில்லை. ஒன்றியத்திலிருந்து பார்வையாளராக வந்திருந்த அதிகாரி ஓர் இளம்பெண். முதல் பணியிடமாக இருக்கலாம். முன்னால் திறந்து வைத்த நோட்டில் தேதியைத் தவிர எதுவும் எழுதியிருக்கவில்லை.

"வேற யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று அந்த அதிகாரி கேட்டது வழக்கமான கேள்வி. எழுந்து நிற்பார்கள் என்று கேட்பதில்லை.

மூன்று நாள் மனப்பாடம் செய்திருந்தவர் எழுந்து நின்றார். வாக்கியத்தை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார்.

சாமியானாவுக்குள் மிக்சர் மெல்லும் சத்தம் நின்றது. அந்த ஊரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'செலுத்தி வசித்து வரும் எனக்கு' என்று யார் வாயிலிருந்தும் அங்கே வந்ததில்லை. முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பினார். வார்டு உறுப்பினர். பதினாறில் இரண்டு அவருடையவை.

"யாரும்மா எழுதிக் குடுத்தது?"

"நானேதான்."

"நீயேவா? இணைப்பு கிணைப்புன்ற?"

"வரி கட்டுறவ கேக்கக் கூடாதா?"

என் பக்கம் அவர் பார்க்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

பார்வையாளர் அதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டார். "நல்ல கேள்விம்மா. பதினாறுன்னு சொன்னீங்க இல்ல? ஆள் இல்லாத வீடு, பதினாறு." சொல்லிக்கொண்டே எழுதினார். கீழே கோடு போட்டார். அந்த நோட்டில் அன்று எழுதப்பட்ட ஒரே விஷயம் அதுதான்.

கூட்டம் கலைந்து வெளியே வரும்போதே பெயர் வைத்துவிட்டார்கள்.

"கலெக்டரம்மா வராங்க, வழி வுடுங்கப்பா."

"யம்மா கலெக்டரு, எங்கூட்டுல மாட்டுக் கொட்டா ஒண்ணு இருக்குது. அதுல ஆளில்ல, மாடுதான். அதையும் எழுதிக்கிறீங்களா?"

அவரும் சேர்ந்து சிரித்தார். தண்ணீர் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் தண்ணீர் வரவும் செய்தது. பதினாறு குழாய்களிலும் டியூபைக் கழற்றியிருந்தார்கள். எங்கள் பிளாக்குக்கு வந்து, "உங்க எழுத்துக்கு ஒரு பவரு இருக்குது சார்," என்று கால் கிலோ பருப்பு கொடுத்தார். விலைக்கு இல்லை. வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து நில எடுப்பு அலுவலகத்திலிருந்து அறிவிப்பு ஒட்டினார்கள். ஆள் இல்லாத வீடுகள் இருப்பதாகக் கிராம சபையிலேயே புகார் பதிவாகியிருப்பதால், இனி வரி ரசீது, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை எதுவும் வசிப்பதற்குச் சான்றாகாது. குறிப்பிட்ட நாளில் வீட்டு வாசலில் இருந்து கருவியில் விரல் பதிய வேண்டும். பதியாவிட்டால், அதே ஊரில் வீடுள்ள ஐந்து பேர் 'இவர் இங்கே வசிக்கிறார்' என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அறிவிப்பை ஊர் படித்தது. அவருக்கும் யாரோ படித்துக் காட்டினார்கள்.

அடுத்த மாதம் ரேஷன் கடைக்காரர் நோட்டை எடுக்கவில்லை. "வெரலு வையிங்க. ரூல்ஸ் ரூல்ஸுதான? நீங்கதான் ரூல்ஸ் பேசுற ஆளாச்சே." விரல் பதியவில்லை. அரிசி இல்லை. முந்திரி உடைக்கும் கம்பெனியில் அவருக்குப் பக்கத்துப் பலகையில் இன்னொருவரை உட்காரவைத்திருந்தார்கள். பிறகு அவருடைய பலகையிலும்.

வேலை போனதில் ஒரு நல்லது இருந்தது. உடைக்காமல் இருந்தால் தோல் வளரும். ஊருக்கு வரும் நர்ஸம்மா, ஒன்றரை மாதம் முந்திரி எண்ணெய் படாமல் இருந்தால் ரேகை தெரிய வாய்ப்பு உண்டு என்றாராம். சரிபார்ப்புக்குச் சரியாக இரண்டு மாதம் இருந்தது. அவர் விரலில் துணி சுற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார். மூன்றாம் வாரம் என்னிடம் வந்து கட்டைவிரலைக் காட்டினார். ஓரத்தில் மெல்லிய கோடுகள் நாலைந்து வந்திருந்தன. "பாருங்க சார், புல்லு மாரி மொளைக்குது."

பிறகு தீபாவளி வந்தது. எங்கள் பிளாக்கில் பலகாரத்துக்கு அவரிடம்தான் பருப்பு வாங்குவது வழக்கம். கடைப் பருப்பில் புழு இருக்கும் என்று பேச்சு. ஆறேழு வீட்டிலிருந்து ஆர்டர் போனது. கையில் ஒன்றுமில்லாமல் இருந்தவர் மறுக்கவில்லை. தன் நாலு மரத்துக் கொட்டைகளைத் தானே வறுத்து, தானே உடைத்து, பத்து நாளில் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கிலோ எங்கள் வீட்டுக்கு. என் மனைவி முந்திரி கேக் செய்தார். நன்றாக வந்திருந்தது.

பொட்டலத்தை வாங்கும்போது அவர் விரல்களைப் பார்த்தேன். மறுபடியும் கறுத்திருந்தன.

சரிபார்ப்பு நாளுக்கு வருகிறேன். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பத்தே முக்காலுக்கு வந்தார்கள். ஓர் அதிகாரி, கிராம நிர்வாக அலுவலர், தலையாரி, கருவியைத் தூக்கிக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் ஆள். பின்னால் ஊர்.

முதலில் ஷெட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், இரண்டு பாத்திரம், கொடியில் ஒரு புடவை. வார்டு உறுப்பினரின் ஷெட்டில் கேஸ் அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. சுவரில் தினசரிக் காலண்டர். அன்றைய தேதி வரை சரியாகக் கிழித்திருந்தது. கிழித்த தாள்களெல்லாம் ஒரே கொத்தாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. அதிகாரி அதைப் பார்த்தார். அவருடைய வேலை விரல். மகன் விரலை வைத்தார். கருவி பச்சை காட்டியது. மருமகள். பச்சை. பதினாறு ஷெட்டுகளும் பச்சை.

பிறகு தெரு. இரண்டு வீடுகளில் பெண்களுக்கு விரல் விழவில்லை. இருவரும் முந்திரி உடைப்பவர்கள். அதிகாரி "சாட்சி" என்று சொல்லி முடிப்பதற்குள் எட்டுப் பேர் பேனாவுக்குக் கை நீட்டினார்கள். "எங்க சின்னம்மா சார் இது, பொறந்ததுலேருந்து பாக்குறோம்." ஒரு நிமிடத்தில் முடிந்தது. அதைப் பார்த்து அவருக்கு முகம் தெளிந்தது. என்னிடம் மெதுவாக, "வெரலு வுழலன்னாலும் பரவால்ல சார்," என்றார்.

கடைசி வீடு அவருடையது. வலது கட்டைவிரல். சிவப்பு. ஆள்காட்டி விரல். சிவப்பு. கம்ப்யூட்டர் ஆள் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "நல்லா அமுக்கும்மா." சிவப்பு. இடது கை. பத்து விரல்களையும் இரண்டு சுற்று வைத்தார். எலுமிச்சம்பழ வாசனை வந்துகொண்டிருந்தது. கட்டைவிரலை மறுபடியும் புடவையில் தேய்த்துத் தேய்த்து, நுனி சிவந்துவிட்டது.

"சார், ரசீது இருக்குது சார்," என்று உறையை எடுத்து வந்தார். "இருவத்தியோரு வருசம். ஒரு வருசம் வுட்டதில்ல."

"ரசீது எல்லாரும் வச்சிருக்காங்கம்மா. ஷெட்டுக்குக்கூட வச்சிருக்காங்க." அதிகாரி கோபமாகப் பேசவில்லை. "வீடு இருக்குன்னு ரசீது சொல்லுது. நீங்க இருக்கீங்கன்னு யாரு சொல்றது? ஊர்ல அஞ்சு பேரு சொன்னா போதும்."

அவர் திரும்பி ஊரைப் பார்த்தார். சிரித்த முகத்தோடுதான் திரும்பினார்.

பேனாவுக்கு யாரும் கை நீட்டவில்லை. சிலர் பலா மரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் போனை எடுத்தார்.

"கலெக்டருக்கு எதுக்குய்யா சாட்சி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அடக்கிய சிரிப்பு.

"ஏகமனதா சொல்லுங்கப்பா," என்றது இன்னொரு குரல்.

அதிகாரி வார்டு உறுப்பினரிடம் கேட்டார். "இந்தம்மா இங்கதான் இருக்காங்களா?"

"வூடு இருக்குது சார். ஆளு இருந்து நாங்க பாக்கலீங்க."

அடுத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டார். கம்பெனியில் பதினைந்து வருடம் அடுத்தடுத்த பலகையில் உட்கார்ந்து இருவரும் உடைத்தவர்கள். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அது பொண்ணு வூட்டுல இருக்கும் சார், குறிஞ்சிப்பாடியில. எப்பனாச்சும் வரும், போவும்."

"ஏன்டி," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, மறந்துபோனதை நினைவுபடுத்துவது போல இருந்தது. "நேத்து சாயங்காலம் உனுக்கு மொச்சக்கொட்ட கொழம்பு குடுத்தனே."

"எந்தக் கொழம்பு?"

"கிண்ணம்கூட இன்னும் உங்கூட்டுலதான்டி இருக்குது."

"எங்கூட்டுல யாரு கிண்ணமும் இல்ல சார்."

நான் முன்னால் போனேன். இவரை ஆறு ஆண்டுகளாகத் தெரியும், இங்கேதான் வசிக்கிறார், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

"நீங்க இந்த ஊரா சார்?"

"டவுன்ஷிப்."

"இந்த ஊராட்சியில வீடு இருக்கா? வரி கட்டுறீங்களா?"

"இல்லை."

"அப்ப முடியாது சார்," என்றார், மரியாதையாகவே.

அவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மாமா என்றார், தம்பி என்றார், யண்ணி என்றார். ஒருவருக்குப் பிரசவத்தில் துணைக்குப் போனதைச் சொன்னார். ஒருவருடைய அப்பாவின் சாவுக்கு மூன்று நாள் சோறாக்கியதைச் சொன்னார். கூட்டம் பின்னால் நகர்ந்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார்.

கம்ப்யூட்டர் ஆள் பட்டியலைத் திருப்பி, "சார், என்ன போடறது?" என்று கேட்டார்.

"ஆள் இல்லாத வீடுன்னு போடு," என்றார் அதிகாரி. வீட்டுக்காரர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தலையாரி சிவப்புப் பெயின்ட்டில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டார். பெயின்ட் வழிந்ததும் ஒரு துணி கேட்டார். அவர் உள்ளே போய்த் துணி கொண்டுவந்து கொடுத்தார்.

எல்லாரும் போன பிறகு, மேல்முறையீடு செய்யலாம், மனு நான் எழுதித் தருகிறேன் என்றேன். கொட்டாங்குச்சியிலிருந்த எண்ணெயைத் திரும்ப பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வேணாம் சார்," என்றார். "நீங்க எழுதுனா நல்லாதான் இருக்குது."

மனு போட்டார். வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மனுவை விசாரிக்க மறுபடியும் அதே ஊரிலிருந்து ஐந்து சாட்சி கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகு எங்கள் பிளாக்குக்கு அவர் வருவது குறைந்தது. வந்தால் எங்கள் படிக்கட்டில் உட்காராமல் எதிர்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். கூடையைத் திறக்கும்போது விரல்களை மடக்கிவைத்துக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தது. மேல்வீட்டு அம்மா, "பருப்பு கொஞ்சம் உடைஞ்சிருக்கே, குறைச்சுக் கொடுங்க," என்றார். குறைத்துக் கொடுத்தார்.

மே மாதத்தில் ஒருநாள் முத்தாண்டிக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். எப்போது காலி செய்ய வேண்டும் என்று கேட்டேன். ஷெட்டுக்காரர்களுக்கு மனை காட்டிவிட்டார்கள், தனக்கு ஒன்றும் சொல்லவில்லை என்றார். பிறகு, அது அந்த இடத்திலேயே நினைவுக்கு வந்ததுபோல, கூடையின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து, இதில் என்ன போட்டிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்று நீட்டினார்.

கிளார்க்கு ஏப்ரல் முதல் வாரத்தில் வந்து வாங்கிப்போன அந்த வருடத்து வீட்டு வரிக்கான ரசீது. வீட்டு எண் இருந்தது, அவர் பெயர் இருந்தது. பயன்பாடு என்ற இடத்தில் 'குடியிருப்பு' என்று இருந்தது.